செராங்கின் எட்டாவது கிளாஸ்

இந்த உலகத்தில் பசுமாட்டுக்கு அடுத்தபடியாக இலை தழைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட ஜீவன் எங்கள் செராங்தான். மாடாவது கிடைத்ததைத் தின்றுவிட்டுச் சிவனே என்று படுத்துக்கொள்ளும். இவர் பறிப்பார், அலசுவார், அரைப்பார். அரைத்ததை ஏழு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய், வாசலில் நின்று, கடைசிச் சொட்டு உள்ளே இறங்குகிறதா என்று நம் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

படகை ஓட்டுகிற தலைமை ஆளுக்கு எங்கள் தீவில் செராங் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட்டதில்லை. போர்ட் பிளேயர் மரைன் ஹில்லில் எட்டு வீடுகள் உள்ள எங்கள் குவார்ட்டர்ஸில் கீழ் வீடு அவருடையது. மேலே முதல் மாடியில் நாங்கள். நான் பெரார்கஞ்ச் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் ஏழு மணிப் படகில் அக்கரைக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் படகை ஓட்டுவதும் இவரேதான். ஆக, காலையில் அவர் கொடுப்பதைக் குடித்துவிட்டு, அவர் படகிலேயே ஏறி, இரண்டு மணி நேரம் முன்னால் யாரை மனதுக்குள் திட்டினேனோ அவரிடமே உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தப் பச்சைப் பைத்தியம் அவருக்குச் சும்மா பிடிக்கவில்லை. வீல் பிடிக்கிறவர்களுக்கு வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. ஒரு வருஷம் அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. அடுத்த மெடிக்கலிலும் இதே கதி என்றால் படகிலிருந்து இறக்கிக் கரையில் ஸ்டோரில் உட்கார வைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"ஸ்டோர்ல என்ன வேலை?" என்று கேட்டேன்.

"கயிறு குடுக்கணும், பெயின்ட் டப்பா குடுக்கணும். யாரும் வரலைன்னா சும்மா இருக்கணும். சும்மா இருக்கதுதான் டீச்சரம்மா என்னால ஆவாது" என்றார்.

அவர் மனைவி இறந்து அப்போது மூன்று வருஷம். மகள் கல்யாணமாகி மெயின்லேண்டில், சென்னையில். வீட்டில் அவரும் ஒரு ஃபேனும்தான். படகிலோ ஒவ்வொரு ட்ரிப்பிலும் இருநூறு பேர் ஏறுவார்கள், அதில் பாதிப் பேர் "செராங், நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். வீல் போனால் இந்த இருநூறு பேரும் போய்விடுவார்கள். அவர் பயந்தது அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்காக அந்த மனிதரை அந்தத் திட்டு திட்டினேன் என்று கேட்காதீர்கள். காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பினால் யாராக இருந்தாலும் திட்டுவேன்.

விஷயம் தெரிந்ததும் மகள் ஒரு பெரிய மிக்ஸியைக் கப்பலில் அனுப்பிவைத்தாள். கூடவே போனில் ஒரு வீடியோ. அதில் ஒரு பெண் கீரையையும் பழத்தையும் ஒன்றாகப் போட்டு அடித்து, கண்ணாடி கிளாஸில் ஊற்றிச் சிரித்துக்கொண்டே குடிப்பாள். ஸ்மூத்தியாம். இவர் அந்த வீடியோவைப் புயல் எச்சரிக்கை கேட்கிற மாதிரி மூன்று நாள் காதில் வைத்துக் கேட்டார். நான்காம் நாள் விடிவதற்கு முன்னால் எங்கள் தரைக்கு அடியில் ஒரு சத்தம். கட்டடம் கிளம்பிப் போகப்போகிறது என்றே என் வீட்டுக்காரர் நினைத்துவிட்டார். அலறி எழுந்து பனியனைத் தேடினார்.

ஆரம்பத்தில் அவர் செய்த ஸ்மூத்தியைக் குடிக்க முடியாது, மெல்லத்தான் வேண்டும். காரணம் அவருடைய தொழில். ஒருநாள் போய்ப் பார்த்தேன். ஜாரின் அடியில் அன்னாசித் துண்டு, அதன் மேல் வாழைப்பழம், அதற்கும் மேல் முருங்கைக்கீரையும் பசலைக்கீரையும் அடுக்கி வைத்திருக்கிறார். இங்கே எல்லாரும் பசலையை ‘போய் பாஜி’ என்றுதான் சொல்வார்கள்.

"சரக்கு ஏத்துததுக்கு ஒரு மொறை இருக்கு டீச்சரம்மா. கனமானது அடியில, லேசானது மேல. மாத்தி ஏத்துனா கவுந்துரும்."

"இது ஜார் செராங், கப்பல் இல்ல."

"ரெண்டும் சுத்துததுதானே!"

அடியிலிருந்த பழம் கூழாகிவிடும். மேலே கீரை ஒரு கீறல்கூட விழாமல் சவாரி செய்துகொண்டிருக்கும். எதிர்வீட்டு பௌதியின் கணவர் அதைக் குடித்துவிட்டு, முன்பல்லில் ஒரு முழு முருங்கை இலையோடு ஆபீசுக்குப் போய், சாயங்காலம் வரை எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. எங்கள் கட்டடத்துக்கே அவள்தான் அண்ணி. செராங்கை அவள் தாதா என்பாள், அதாவது அண்ணன்.

"முதல்ல கீரையையும் தண்ணியையும் மட்டும் போட்டு நல்லா அடிங்க. அது கரைஞ்ச பிறகு பழத்தைப் போடுங்க" என்றேன்.

செராங் தாடையைச் சொறிந்து யோசித்தார். "அதாவது, மொதல்ல கலாசி ஏறணும், பொறவு பாசஞ்சர் ஏறணுங்கீங்க." படகில் கயிறு வீசிக் கட்டுகிற ஆள்தான் கலாசி.

"ஏதோ ஒண்ணு. ஏத்துங்க."

அன்றிலிருந்து ஸ்மூத்தி வழுவழுப்பாக வந்தது. நிறத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் எங்கள் மாடிப்படிச் சுவர் என்ன நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட நாட்களில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகவே இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு கிளாஸ் தருவார்.

இந்தத் தீவில் ஐந்து மணிக்கே வெயில் வந்துவிடும், வெயிலோடு செராங்கும் வந்துவிடுவார். ஒரு பலகையில் ஏழு பெரிய எவர்சில்வர் கிளாஸ், வீட்டுக்கு ஒன்று, வீட்டில் இருப்பவர்கள் பங்கு போட்டுக் குடிக்க வேண்டும். கதவில் மூன்று தட்டு. திறந்ததும், "ஒரே மடக்கு டீச்சரம்மா. நின்னு நின்னு குடிச்சா நாக்குக்குத் தெரிஞ்சு போவும்." மாடியில் இருந்த மலையாளி நர்ஸ் ஷைனி சிஸ்டர் நைட் டியூட்டி முடிந்து அப்போதுதான் படுத்திருப்பாள். அவளையும் விடமாட்டார். என் வீட்டுக்காரர் முதல் வாரம் பாத்ரூமில் ஒளிந்தார், இரண்டாம் வாரம் மொட்டை மாடியில் ஒளிந்தார்.

"ஐயா வரட்டும். அவசரமில்ல, நிக்கேன்" என்று செராங் வாசலிலேயே நிற்பார். அவசரமில்லை என்று அவர் சொல்வதைப் போல அவசரப்படுத்துகிற விஷயம் உலகத்தில் கிடையாது. ஐயா ஈரத் துண்டோடு வந்து வாங்கிக் குடித்துவிட்டு, கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவார்.

எட்டாவது கிளாஸ் அவருடையது. அதை மட்டும் ஒரு ஸ்டீல் பாட்டிலில் ஊற்றிப் படகுக்குக் கொண்டுபோவார். "நான் ஏழு மணி ட்ரிப்புல குடிப்பேன். விடிஞ்சதும் குடிச்சா எனக்கு வீல் ஓடாது" என்பார்.

ஆறு மணிக்கு முதல் படகு கிளம்பும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். அது சட்டம். செராங் அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று அடிப்பார். அது எங்களுக்கு. குடிச்சாச்சா என்று அர்த்தம். துறைமுகத்துக்கு நேர் மேலே குன்றில் இருக்கிறோம், அந்தச் சின்ன ஹாரன் எங்கள் அடுக்களை ஜன்னலில் வந்து இடிக்கும். கேட்டதும் பௌதி எதிர் ஜன்னலிலிருந்து காலி கிளாஸைத் தூக்கிக் காட்டுவாள். இவ்வளவு தூரத்தில் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? இருந்தாலும் காட்டுவாள். நானும் காட்டினேன். பயம்தான், வேறென்ன!

"கவர்மென்ட் ஹாரன்ல வீட்டு விஷயம் பேசுறீங்களே, நியாயமா?" என்று ஒருநாள் படகில் கேட்டேன்.

"டீசல்தான் கவர்மென்ட்து டீச்சரம்மா. காத்து நம்மது" என்றார்.

ஏழு மணிப் படகில் வீல் ரூமுக்குப் பக்கத்தில், இடது ஓரப் பெஞ்சுதான் என் இடம். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், படகு கிளம்புவதற்கு முன்னால் கலாசியிடம் வீலைக் கொடுத்துவிட்டு செராங் ஸ்டீல் பாட்டிலோடு வெளியே வருவார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கம்பியோரமாகக் குனிவார். நாலு பேர் பார்க்கக் குடிக்க வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த இடத்தில் தண்ணீருக்குள் எந்நேரமும் மடவை மீன் கூட்டமாக நிற்கும். நல்ல மனிதர் நிற்கிற இடத்தில் மீன்கூட வந்து நிற்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. மெயின்லேண்ட் கப்பல் தாமதம். மார்க்கெட்டில் கீரை என்று ஒரு காம்புகூட இல்லை. அந்த ஒரு வாரம் எங்களுக்கு லீவு கிடைக்கும் என்று நம்பினோம். செராங் குடை பிடித்துக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் போனார். அங்கே சாக்கடை ஓரத்தில் ஆளுயரத்துக்குச் சேம்பு வளர்ந்து நின்றது. அந்த இலையை இறால் போட்டு பௌதி சமைத்தால் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். அவள் புளி ஊற்றி ஒரு மணி நேரம் வேகவைப்பாள் என்பது செராங்குக்குத் தெரியாது. வேகவைத்தால் சத்து போய்விடும் என்று வீடியோப் பெண் வேறு சொல்லியிருக்கிறாள்.

பச்சையாகவே அடித்துவிட்டார்.

ஒரே மடக்கில் குடித்துப் பழகியிருந்தோமா, நாக்குக்குத் தெரியவில்லை. கிளாஸைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் தொண்டைக்குள் ஆயிரம் ஊசி குத்த ஆரம்பித்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மாடிப்படியில் ஏழு வீட்டு ஜனமும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து நிற்கிறோம். ஆடை மட்டும் மாற்றிவிட்டால் ஊமை நாடகம்.

பௌதி ஒருத்திக்குத்தான் கொஞ்சம் குரல் மிச்சமிருந்தது. கிளாஸின் அடியைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். "அரே பாப்ரே! கச்சா கோச்சு? பாகல் ஹோ கயா க்யா, செராங்?" பச்சைச் சேம்பா, உனக்குப் பைத்தியமா பிடித்துவிட்டது என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடி, ஒரு கிண்ணம் புளியைக் கொண்டுவந்து எங்கள் வாயில் உருண்டை உருண்டையாகத் திணித்தாள். ஷைனி சிஸ்டர் தூக்கம் கலைந்த கண்ணோடு ஒவ்வொரு வாயாக டார்ச் அடித்துப் பார்த்து, உதடு வீங்கவில்லை, மூச்சு சரியாக இருக்கிறது, பிழைத்துக்கொள்வீர்கள் என்று கையாலேயே சொன்னாள்.

அன்று பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சர்வீஸிலேயே ஏழாம் வகுப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு கிடையாது. வீட்டுக்காரர் முகத்திலும் ஒரு தெளிச்சி. அவருக்கு மட்டும் சாயங்காலமே குரல் திரும்பிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, "பரவால்ல, நீ பேசாத, ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடு" என்று அத்தனை அன்பாகச் சொன்னார். அதை நான் இன்னும் மறக்கவில்லை, அவரும் இதைப் படிப்பார்.

சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்த செராங் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி நின்றார். "ஏழு மணி ட்ரிப்புல நானும் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் செய்யலையே! நம்ம ஒடம்பு கடல் ஒடம்பு, பாத்துக்கிடுங்க" என்றார். எங்களுக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. இன்னும் வாயில் அடக்கியிருந்த புளியோடு தலையை ஆட்டினோம்.

பிறகு ஏழு வீட்டுக்கும் வந்து மன்னிப்புக் கேட்டார். எங்கள் வாசலில் தலையைக் குனிந்து நின்றவரைப் பார்த்தால் வாய் வரை வந்த திட்டு வெளியே வரவில்லை. குரல் இல்லாததும் ஒரு காரணம். மறுநாள் காலை மூன்று தட்டு கேட்டபோது, கதவைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்த நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் தாழ்ப்பாளில் கை வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷைனி சிஸ்டர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்க்கிற மிஷினை எடுத்துக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் வந்தாள். என் வீட்டுக்காரருக்குக் குறைந்திருந்தது. பௌதியின் கணவருக்குக் குறைந்திருந்தது. செராங்குக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று படியேறி இறங்கினார்.

"ஜூஸ் மட்டும் காரணம்னு சொல்லாதிங்க செராங் சேட்டா. இவங்க உங்களைக் கண்டு டெய்லி மூணு மாடி ஓடுறாங்களே, அதுவும் சேத்துக்கணும்" என்றாள் ஷைனி சிஸ்டர். "எவிடே, உங்க விரலைக் காட்டுங்க."

"எனக்கு எதுக்கு? மெடிக்கல்ல பாத்துக்கிடலாம்" என்று கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

ஆகஸ்டில் மெடிக்கல் வந்தது. நாங்கள் ஏழு வீடும் அவரை வழியனுப்பியதைப் பார்த்தால், பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்புகிறோம் என்று நினைப்பார்கள். பௌதி வங்காள வழக்கப்படி அவர் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைத்தாள். மத்தியானம் திரும்பி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சர்க்கரை போன வருஷத்தைவிடக் கூடியிருந்தது. டாக்டர் சின்னப் பெண், மதுரைப் பக்கம். இரக்கப்பட்டு ஒரு மாதம் தவணை கொடுத்திருந்தாள். அதற்குள் குறைந்தால் வீல். இல்லாவிட்டால் ஸ்டோர்.

எங்கள் கட்டடத்துக்கே துக்கம். என் வீட்டுக்காரர், "நமக்கெல்லாம் கொறையுது, அவருக்கு மட்டும் எப்படி ஏறும்? இதுல என்னமோ இருக்கு" என்றார். அவர் எப்போதாவதுதான் சரியாகப் பேசுவார்.

மறுநாள் ஏழு மணிப் படகில் கலாசியிடம் புலம்பினேன். "பாவம்ப்பா, தினமும் ஒரு பாட்டில் குடிச்சும் இப்படி ஆயிருச்சே."

கலாசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அவர் எங்க டீச்சர் குடிச்சாரு? மீனுல்ல குடிச்சுச்சு!"

"என்னது?"

"தெனம் அந்தப் பக்கமாத்தான ஊத்துவாரு. அதான் மடவை அங்கயே குடியிருக்கு. இவரு ஜெட்டி கடையில டின்பால் டீ ரெண்டு, சமோசா ரெண்டு. முதல் நாள்லருந்தே அப்படித்தான்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. படகு நடுத் துறைமுகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பயணிகள் உள்ளே வரக்கூடாது என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏன் செராங், எங்களை என்ன நெனச்சீங்க? உங்களுக்காகத்தான உயிரைக் குடுத்துக் குடிச்சோம்! சேம்பையெல்லாம் குடிச்சோமேய்யா, பாவி மனுசா!"

அவர் திரும்பவில்லை. வீலைப் பிடித்தபடியே நின்றார். "மொத நாளு குடிச்சேன் டீச்சரம்மா. கொடலைப் பெரட்டிக்கிட்டு வந்துட்டு. மீன் கொழம்புல கறிவேப்பிலை கெடந்தாலே எடுத்து ஓரமா வைக்கிற ஆளு நான். நாளைக்குக் குடிச்சுக்கிடலாம், நாளைக்குக் குடிச்சுக்கிடலாம்னு..."

"அப்ப எதுக்கு மெனக்கெட்டு தினமும் அரைச்சீங்க?"

அக்கரையைப் பார்த்தபடியே செராங் சொன்னார்.

"எனக்கு மட்டும் ஒரு கிளாஸ் போதும்னுதான் போட்டேன். அவ்வளவு பெரிய ஜார்ல ஒரு ஆளுக்குள்ளதைப் போட்டா பிளேடு சும்மா சுத்துது, கீரை மேல ஒட்டிக்கிட்டு நிக்கி. அந்த மிக்ஸி ஒரு ஆளுக்கு ஓடாது. சரின்னு நெறைய போட்டு அடிச்சேன். மிஞ்சினதைக் கொண்டுட்டுப் போய் பௌதி கதவைத் தட்டுனேன். தொறந்து, 'செராங் தாதா, ராத்திரி தூங்குனியா?'ன்னு கேட்டா." வீலைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினார். "எங்க வீட்டம்மா போனதுக்குப் பொறவு அந்த நேரத்துக்கு என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசுனது கெடையாது டீச்சரம்மா. நீங்கள்லாம் திட்டிக்கிட்டேதான் தொறக்கீங்க. ஆனா தொறக்கீங்கள்லா. நிறுத்திட்டா நான் எதைச் சொல்லி வந்து தட்ட?"

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.

"கதவைத் தட்டக் கை போதாதா? கீரை வேற வேணுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் பார்ப்பதற்கு முன்னால் வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன்.

அன்று சாயங்காலமே பௌதி வீட்டில் கூட்டம் போட்டோம். மிக்ஸி பறிமுதல். வாரத்துக்கு ஏழு நாள், ஏழு வீடு. யார் முறையோ அவர்கள் எட்டுக் கிளாஸுக்கும் அரைக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு எல்லாரும் மாடிப்படியில் நின்றுதான் குடிக்க வேண்டும், செராங் நடுவில். ஷைனி சிஸ்டர் டாக்டரைப் பார்த்துக் கேட்டு வந்தாள். மாத்திரையை விடக்கூடாது, டின்பால் டீயும் சமோசாவும் கூடாது, இரண்டு வேளை நடக்க வேண்டும், ஸ்மூத்தியில் கீரை கூடட்டும், வாழைப்பழமும் அன்னாசியும் குறையட்டும். ஜெட்டி டீக்கடைக்காரரிடம் நானே போய், இந்த மனுஷருக்குச் சர்க்கரை போட்டால் உங்கள் பேரப்பிள்ளைக்கு என் வகுப்பில் என்ன நடக்கும் என்று தெரியாது என்றேன். தப்புதான். வேலை நடந்தது.

முதல் நாள் செராங் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டுமே! புயலில் படகு ஓட்டிய மனிதர், ஒரு கிளாஸ் முருங்கைக்கு முன்னால் கண்ணில் தண்ணீர் விட்டார்.

"ஒரே மடக்கு. நின்னு நின்னு குடிச்சா நாக்குக்குத் தெரிஞ்சு போவும்" என்றார் என் வீட்டுக்காரர். அத்தனை மாதம் காத்திருந்து சொன்னார்.

"அவசரமில்ல, நிக்கோம்" என்றேன் நான்.

குடித்தார். கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார். படி முழுக்கக் கைதட்டல்.

பௌதி பச்சை மாங்காய் போட்டு அரைத்தாள். ஷைனி சிஸ்டர் பப்பாளிக்காயைப் போட்டாள். என் முறை புதன்கிழமை. நான் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எங்கள் அம்மா காலையில் வல்லாரையை அரைத்து, தேங்காய்ப்பாலும் ஒரு கரண்டி கஞ்சியும் விட்டு இலைக்கஞ்சி தருவாள், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டியும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதைச் செய்தேன், ஆறவைத்து, ஒரு கீற்று எலுமிச்சை பிழிந்து. "கருப்பட்டி உங்களுக்குக் கிடையாது" என்று நீட்டினேன்.

செராங் குடித்தார். நின்றார். முகம் சுளிக்கவில்லை. "இது குடிக்கலாம் போல இருக்கே!" என்றார். எனக்கு நல்லாசிரியர் விருது கொடுத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறு மெடிக்கல். அன்று நான் லீவு போட்டுவிட்டு அடுக்களை ஜன்னலில் நின்றேன். எதிரில் பௌதி. பன்னிரண்டு மணி. தேறியிருந்தால் அவர் படகை எடுக்கிற நேரம். நீளமாக ஒரு ஹாரன். அதை யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே சின்னதாக இன்னொன்று.

பௌதி காலி கிளாஸைத் தூக்கிக் காட்டிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை என்று சொல்வதற்கு ஆசைதான்.

மடவை மீன்கள் மட்டும் இரண்டு வாரம் அந்த இடத்தில் காத்திருந்துவிட்டு வேறு ஜெட்டிக்குப் போய்விட்டன என்று கலாசி சொன்னான்.

மூன்று வருஷமும் வீல் பிடித்துவிட்டு, போன மார்ச்சில் செராங் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிற வண்டூரில் இரண்டு அறையோடு ஒரு வீடு கட்டியிருந்தார். சாமான் ஏற்றின லாரியில், நாங்கள் திருப்பிக் கொடுத்த மிக்ஸியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனார். மறுநாள் காலை யாரும் கதவைத் தட்டவில்லை. முறை என்னுடையது, என் வீட்டுச் சின்ன மிக்ஸியில் அரைத்தேன். ஏழு வீடும் படியில் நின்று குடித்தோம். ஆறு மணிக்குப் புது செராங் நீளமாக ஹாரன் அடித்தான். முடிந்தது என்று கிளாஸைக் கழுவப்போனேன். சின்னதாக இன்னொன்று கேட்டது.

அன்று படகில் ஏறியதும் கேட்டேன். புது செராங் ஒரு நோட்டுத் தாளை எடுத்துக் காட்டினான். பழைய செராங் எழுதிக்கொடுத்த பொறுப்பு ஒப்படைப்பு. ஸ்டியரிங் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும், கவனம். பின்பக்கக் கயிறு மாற்ற வேண்டும். பம்ப் சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம். அதற்குக் கீழே கடைசியாக: காலை ஆறு மணிக்கு மரைன் ஹில்லுக்கு ஒரு சின்ன ஹாரன்.

இப்போதும் தினமும் ஆறு மணிக்கு அவருக்குப் போன் போட்டு, ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கிறேன். இரண்டு ஹாரனும் அடித்து ஓய்ந்ததும், "குடிச்சாச்சா?" என்று கேட்கிறேன்.

"ஆச்சு டீச்சரம்மா, ஆச்சு" என்கிறார்.

பொய். எனக்குத் தெரியும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பை நிறையக் கீரையோடு ஏழு வீடும் வண்டூர் பஸ் ஏறிவிடுகிறோம். அந்த மிக்ஸி ஒரு ஆளுக்கு ஓடாது.